கணக்கு ஆங்கிலத்தில், பண்பாடு தமிழில்

1887 ஆகஸ்டு 15ஆம் தேதி, சிங்கப்பூர் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டுக்குள் ஒன்பது இந்தியச் சிறுமிகள் பாடம் படிக்க உட்கார்ந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் சோஃபியா பிளாக்மோர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் ஊழியர், ஊருக்குப் புதியவர். பள்ளிக்கூடம் வேண்டுமென்று கேட்டவர்கள், தங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்ட வணிகர்கள் சிலர். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்பதுதான் அதன் முதல் பெயர். இன்று அது மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. மகளுக்கு அங்கே ஓர் இடம் கிடைக்காதா என்று பெற்றோர் ஏங்கும் பள்ளிகளில் ஒன்று.

ஷார்ட் ஸ்திரீட் சிலிகி சாலைப் பக்கத்துச் சின்னத் தெரு. தேக்காவுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். அதே 1887இல்தான் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ ஏட்டைத் தொடங்கினார். மூன்றாண்டுதான் அது வெளிவந்தது. ஆனாலும் காசு கொடுத்துத் தமிழ் படிக்க ஆளிருந்த ஊர் இது என்பதற்கு அந்த ஏடு சாட்சி.

அந்தக் கடைவீட்டுப் பள்ளியில் இரண்டு விருப்பங்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. வணிகர்களுக்கு வேண்டியது எழுத்தறிவு. மிஷனுக்கு வேண்டியது நற்செய்தி. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்த இழுபறியை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருந்தார்கள். அங்கே ஆறுமுக நாவலர் மிஷன் பள்ளிகளின் முறையைக் கூர்ந்து கற்றுக்கொண்டு, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்பறை யார் கையில் இருக்கிறதோ, பிள்ளை எதைப் பெரிதென்று நினைத்து வளரும் என்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது என்பதை நாவலர் புரிந்துகொண்டிருந்தார். சிங்கப்பூர்த் தமிழரும் அதைப் புரிந்துகொண்டார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு நாவலர் இல்லை. பல குழுக்கள் இருந்தன.

காலனி அரசு தமிழுக்கென்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. 1834இல் சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு ஒன்று நடந்தது. சரியான புத்தகம் இல்லாமல், பிள்ளைகளும் சேராமல் சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. மண்ணின் மக்கள் என்பதால் மலாய்க்காரர்களுக்கு மலாய்ப் பள்ளி. அலுவலகத்துக்கு எழுத்தர்கள் தேவை என்பதால் ஆங்கிலப் பள்ளி. இவை இரண்டும்தான் அரசின் கணக்கு. கப்பல்துறையில் மூட்டை தூக்கியவர்களும் சாலை போட்டவர்களும் ஒருநாள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் நினைத்தார்கள். திரும்பிப் போகிறவன் பிள்ளைக்கு எதற்குப் பள்ளிக்கூடம்? கல்விக் கொள்கை ஒரு நாட்டின் மதிப்பீட்டைக் காட்டும் என்றால், எழுதப்படாத இந்தக் கொள்கையும் அப்படித்தான் காட்டியது. தமிழன் உழைப்பு வேண்டும், அவன் குடும்பம் வேண்டாம்.

அதனால் தமிழ்ப் பள்ளிகளை நடத்தியவர்கள் தமிழர்களும் அவர்கள் நடுவே வேலை செய்த சமய அமைப்புகளும்தான். 1928இல் சிங்கப்பூரில் காலூன்றிய இராமகிருஷ்ண மிஷன், நோரிஸ் சாலையில் ஆண்பிள்ளைகளுக்கு விவேகானந்தர் பெயரிலும் பெண்பிள்ளைகளுக்குச் சாரதாமணி பெயரிலும் பள்ளி நடத்தியது. சிராங்கூன் சாலையிலிருந்து நோரிஸ் சாலைக்குள் திரும்பினால் அந்தப் பழைய கட்டடத்தை இன்றும் பார்க்கலாம்.

இன்னொரு பக்கம் சீர்திருத்தக்காரர்கள். பெரியார் மலாயாவுக்கு வந்துபோன சூடு ஆறுவதற்குள், 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. 1935இல் அதன் ஏடாகத் தமிழ் முரசு வந்தது. கோயிலுக்குச் செலவழிப்பதைப் பள்ளிக்கூடத்துக்குச் செலவழியுங்கள் என்பது அந்த அணியின் குரல். ஆக, சாமி படத்துக்கு முன்னால் கைகூப்பிவிட்டுப் பாடம் தொடங்கும் பள்ளியும் உண்டு, பகுத்தறிவு பேசுவோர் ஆதரித்த வகுப்பும் உண்டு, சிலுவைக்குக் கீழே தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளியும் உண்டு. எல்லாமே தமிழ்ப் பள்ளிகள்தான். தமிழ்ப் பண்பாடு என்றால் என்ன என்பதில்தான் அவற்றுக்குள் ஒற்றுமை இல்லை. அந்தக் கருத்துவேறுபாடு அந்தக் காலத்தின் பலம் என்றே சொல்லவேண்டும்.

இந்தப் பள்ளிகளில் நின்று பார்க்கவேண்டிய பள்ளி உமறுப் புலவர் பள்ளி.

திருநெல்வேலிச் சீமையின் கடையநல்லூரிலிருந்து தறிநெசவு நொடித்துப்போய்க் கப்பலேறிய முஸ்லிம் குடும்பங்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறின. ஆண்கள் தனியே வந்து காசு அனுப்பும் வழக்கத்துக்கு மாறாக, இந்த ஊரார் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிவந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் நடத்தினார்கள். பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வேண்டும். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே ஜப்பானியர் வந்துவிட்டனர். அந்த மூன்றரை ஆண்டில் வகுப்பறைகளுக்குள் ஜப்பானிய மொழியும் ஜப்பானியப் பாட்டும் நுழைந்தன. கொடி மாறினால் பிள்ளையின் நாக்கையும் மாற்றவேண்டும் என்று ஒவ்வோர் ஆட்சியும் நினைக்கிறது. போர் ஓய்ந்த மறு ஆண்டில், 1946இல், அந்தச் சமூகம் பள்ளியைத் தொடங்கியது.

பெயர் வைத்ததில்தான் அவர்களுடைய மனம் தெரிகிறது. அரபுப் பெயரோ, ஊர்ப் பெயரோ, பணம் கொடுத்தவர் பெயரோ வைக்கவில்லை. நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தமிழில் சீறாப்புராணமாகப் பாடிய பதினேழாம் நூற்றாண்டுப் புலவர் உமறுவின் பெயரை வைத்தார்கள். நாங்கள் முஸ்லிம்கள், நாங்கள் தமிழர்கள், இரண்டிலும் எங்களுக்குக் குறையில்லை என்று அந்தப் பெயர்ப்பலகை சொன்னது. மலாய் முஸ்லிம்கள் நிறைந்த ஊரில் சமயத்தை வைத்து மலாய்க்காரர்களோடு கலந்துவிடுவது எளிதாக இருந்திருக்கும். தமிழைப் பிடித்துக்கொண்டது அவர்கள் தேர்ந்தெடுத்த வழி. அந்தப் பள்ளி தமிழ் பேசிய எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. 1960இல் மேக்ஸ்வெல் சாலையில் அது உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தது. கணக்கும் அறிவியலும் வரலாறும் தமிழிலேயே படித்து உயர்நிலையை முடிக்க சிங்கப்பூரில் இருந்த ஒரே பள்ளி அதுதான்.

மேலே பல்கலைக்கழகத்தில் வேறு போராட்டம். மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்தியக் கல்வித் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, இந்தியப் பண்பாடு என்றால் சம்ஸ்கிருதம்தானே என்ற கருத்து வலுவாக இருந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி கொதித்தெழுந்தார். மலாயாவில் வாழும் இந்தியர்களில் பெரும்பான்மையோர் பேசுவது தமிழ். அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஓரமாக நிற்பதா? ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளிகளும் துறைமுகக் கூலிகளும் கைக்காசைக் கொடுத்தார்கள். தாங்கள் ஒருநாளும் கால் வைக்கப்போகாத பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் கொடுத்த பணம் அது. 1956இல் துறை தொடங்கியது, தமிழ் அதன் முதன்மை மொழியானது, அந்த நிதி துறையின் தமிழ் நூலகத்துக்குப் போனது. பிறகு துறை கோலாலம்பூருக்கு மாறியது. 1961இல் அங்கே பேராசிரியராக வந்து சேர்ந்த தனிநாயகம் அடிகள்தான், 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை அதே ஊரில் கூட்டினார். கூலிகள் போட்ட சில்லறை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள்.

சாரங்கபாணி மணந்தது சீனப் பெரனாக்கான் பெண்ணை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அவருக்குத் தமிழ், இரத்தத்தில் ஓடும் பெருமை என்பதைவிட, பொதுவெளியில் கேட்டுப் பெறவேண்டிய உரிமை. தமிழர்கள் இந்த நாட்டின் குடியுரிமையை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று முரசில் ஓயாமல் எழுதியவரும் அவர்தான்.

1956ஆம் ஆண்டு வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் நிற்கவேண்டிய ஆண்டு. அந்த ஆண்டு இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு சிங்கப்பூரில் சீனக் கல்வி குறித்து ஆராய்ந்த அனைத்துக் கட்சிக் குழு, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு வழிக் கல்வியையும் சமமாக நடத்தவேண்டும் என்றும், பிள்ளைகள் குறைந்தது இரண்டு மொழி படிக்கவேண்டும் என்றும் சொன்னது. சீன மாணவர்களின் கொந்தளிப்பை அடக்குவதற்காக அமைத்த குழு அது. தமிழர் எண்ணிக்கை அப்போதும் சொற்பம்தான். ஆனாலும் தமிழுக்கு நான்கில் ஓரிடம் கிடைத்தது. ஒரு சிறுபான்மையை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு இரண்டு தீவுகள் ஒரே ஆண்டில் இரண்டு விடை எழுதின. அந்த விடைகள் இரண்டும் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை உலகம் அறியும்.

சிங்கப்பூர் தனிநாடான மறு ஆண்டு, 1966 ஆகஸ்டு 24ஆம் தேதி முதல், பள்ளி மாணவர்கள் காலையில் தேசியப் பற்றுறுதியைச் சொல்லத் தொடங்கினார்கள். இனம், மொழி, சமயம் என்ற வேறுபாடு பாராமல் ஒன்றுபட்டு நிற்போம் என்ற உறுதி. அதை எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான எஸ். ராஜரத்னம். வலக்கை முட்டியை மடக்கி இடப்பக்க நெஞ்சில் வைத்துப் பிள்ளைகள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். தமிழிலும் அதற்கு வடிவம் உண்டு.

சட்டம் சமம் என்றது. சந்தை அப்படிச் சொல்லவில்லை. கப்பல் கட்டும் தளத்திலும் வங்கியிலும் அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலையிலும் வேலைக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. யாரும் தமிழ்ப் பள்ளிகளை இழுத்துப் பூட்டவில்லை. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டில் பெயர்கள் குறையக் குறைய ஒவ்வொரு பள்ளியாக மூடிக்கொண்டது. 1982இல் உமறுப் புலவர் உயர்நிலைப்பள்ளியும் மூடியது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி, பாடமொழி என்றானது. கூலி வேலை செய்த பெற்றோர் எடுத்த முடிவை இன்று யாராலும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குப் பிள்ளை முன்னேறவேண்டும். ஆனால் அந்த முடிவால் தமிழுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் திறந்து பேசவேண்டும்.

அதுவரை தமிழ் ஒரு பிள்ளை எல்லாவற்றையும் கற்கும் மொழி. முக்கோணத்தின் கோணமும் தவளையின் வயிறும் பானிப்பட்டுப் போரும் அதில்தான் வந்தன. அதன்பிறகு தமிழ் ஒரு பாடம். அந்தப் பாடத்துக்கு அரசு ஒரு வேலை கொடுத்தது: பண்பாட்டைக் காப்பது. ஆங்கிலம் பிழைப்புக்கு, தாய்மொழி வேருக்கு என்பதுதான் லீ குவான் இயூ தலைமையில் அமைந்த இருமொழிக் கொள்கையின் சாரம். மேற்கத்திய நாகரிகம் பிள்ளைகளை அடித்துக்கொண்டு போய்விடக்கூடாது என்ற அச்சம் அதற்குள் இருந்தது. ஆகையால் தொடக்கப்பள்ளியில் நன்னெறிப் பாடத்தைத் தாய்மொழியில் நடத்த ஏற்பாடு செய்தார்கள். இன்றைக்கும் தொடக்கநிலையில் குடியியல், நன்னெறி வகுப்புகளைத் தாய்மொழி ஆசிரியர்தான் எடுக்கிறார். பெரியவர்களை மதி, அண்டை வீட்டாரோடு இணங்கியிரு என்பதெல்லாம் தமிழில். மின்சுற்று எப்படி வேலை செய்கிறது என்பது ஆங்கிலத்தில்.

மதிப்பீடுகளைப் பள்ளியில் கற்றுக்கொடுக்க அரசு இன்னொரு வழியையும் சோதித்தது. 1984இல் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்குச் சமயக் கல்வி கட்டாயமானது. பைபிள், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம், கன்பூசிய நெறி ஆகியவற்றில் ஒன்றை எடுக்கவேண்டும். கன்பூசியப் பாடநூல் எழுத வெளிநாட்டு அறிஞர்களையெல்லாம் வரவழைத்தார்கள். ஆனால் சீனப் பிள்ளைகளில் கன்பூசியத்தைவிடப் பௌத்தத்தை எடுத்தவர்களே கூடுதல். சமய உணர்வு கூர்மையடைகிறது, மதம் பரப்பும் வேகம் கூடுகிறது என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 1989இல் அரசு பின்வாங்க முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு முதல் அந்தப் பாடம் படிப்படியாக விலகியது. 1991 ஜனவரியில் வெள்ளை அறிக்கையாக ஐந்து ‘பகிரப்பட்ட விழுமியங்கள்’ வந்தன. சமூகத்துக்கு முன் நாடு, சமுதாயத்தின் அடித்தளமாகக் குடும்பம், மோதலைவிட இணக்கம் என்று அவை போகும். தவற்றை இவ்வளவு விரைவாக ஒப்புக்கொண்டு திருத்திய அரசுகள் குறைவு. பாடத்திட்டம் போட்டால் பிள்ளையின் மனம் அந்த வடிவத்துக்கு வந்துவிடாது என்பதற்கும் இந்த ஆறாண்டு ஒரு நல்ல சான்று.

பீட்டி சாலைக்கு வருவோம். சிராங்கூன் சாலையை ஒட்டிய இந்தத் தெருவின் 1ஆம் எண் சிண்டா. இந்திய மாணவர்கள் கணக்கிலும் அறிவியலிலும் பின்தங்குகிறார்கள் என்ற கவலையில் 1991இல் தொடங்கிய இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் அது. துணைப்பாட வகுப்புதான் அதன் முதல் ஆயுதம். 2ஆம் எண்ணில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம். மூடிய பள்ளியின் பெயரைக் கல்வி அமைச்சு இந்த நிலையத்துக்குக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறது. தமிழ் வகுப்பு இல்லாத பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பள்ளி விட்டதும் இங்கே வருகிறார்கள். ஒரே வகுப்பில் நாலைந்து நிறத்தில் சீருடை. நாள் முழுக்கப் படித்த களைப்பு, முதுகில் கனத்த பை, கையில் பேருந்து நிறுத்தத்தில் வாங்கிய தின்பண்டம். தங்கள் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளை தாம் ஒருவரே என்ற நிலையில் வருகிறவர்களும் இதில் இருக்கக்கூடும். இங்கே வந்த பிறகுதான் அவர்களுக்குக் கூட்டம் கிடைக்கிறது. கணக்குக்கு ஒரு கதவு, தமிழுக்கு எதிர்க் கதவு. நாட்டின் கல்விக் கொள்கை முழுவதும் இந்தத் தெருவுக்குள் அடங்கியிருக்கிறது.

பண்பாட்டின் பாரத்தைத் தூக்கியதால் வகுப்பறைத் தமிழ் ரொம்பவும் விறைப்பானது. எழுத்துத் தமிழ்தான் தமிழ் என்று பிள்ளைகள் நம்பினார்கள். வீட்டில் “அப்பா வந்துட்டாரு” என்று பேசிய பிள்ளை பள்ளியில் அதைச் சொன்னால் திருத்தம் விழும். வீட்டுத் தமிழ் தவறு, பள்ளித் தமிழ் நாக்கில் வரவில்லை. பிள்ளைக்கு மிஞ்சியது ஆங்கிலம். 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்த்தது. உரையாடலுக்குப் பேச்சுத் தமிழ், எழுதுவதற்கு எழுத்துத் தமிழ் என்று வகுப்பிலேயே இடம் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. ஆசிரியர்களுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. கொச்சைக்குக் கதவு திறக்கிறீர்களே என்று கேட்டவர்களின் வருத்தம் உண்மையானது. ஆனால் பிள்ளை தன் பாட்டியோடு பேசும் மொழிக்கு வகுப்பறையில் மரியாதை இல்லையென்றால், பாட்டிக்கும்தான் அங்கே மரியாதை இல்லை. இந்த மாற்றம் அதற்கும் இருபது ஆண்டு முன்னதாகவே வந்திருக்கவேண்டும்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே பெரும்பாலும் பேசுவோர் 2.5 விழுக்காடு; பத்தாண்டுக்கு முன் அது 3.3. அதே காலத்தில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3ஆக உயர்ந்தது. இந்த எண்களைப் பார்த்துக் கையைப் பிசைவதோடு நிறுத்தக்கூடாது. ஜொகூர் பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அவற்றில் பல, ஓட்டைக் கூரைக்கும் மாணவர் பற்றாக்குறைக்கும் நடுவே தவிக்கின்றன. சிங்கப்பூரில் தமிழ்ப் பள்ளியே இல்லை. ஆனால் தமிழுக்கு நல்ல பாடநூல் உண்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர் உண்டு, நாடாளுமன்றத்தில் பேசும் உரிமை உண்டு, ஆண்டுதோறும் ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கம் ஏற்பாடு செய்யும் தமிழ்மொழி விழா உண்டு. எது மேல் என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மலேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழில் பெருக்கல் வாய்ப்பாடு தெரியும். சிங்கப்பூர்ப் பிள்ளைக்குத் தமிழில் ஒழுக்கம் தெரியும், எண்களோடு விளையாடத் தெரியாது.

தமிழைக் கற்கும் வீடுகளும் மாறிவிட்டன. மலையாள, தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் நீண்ட காலமாகத் தமிழையே தாய்மொழிப் பாடமாக எடுத்தார்கள். இன்றும் எடுப்பவர்கள் உண்டு. 1990 வாக்கில் இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது ஆகியவற்றுக்குப் பள்ளித் தேர்வில் இடம் கிடைத்த பிறகு இந்தியச் சமூகத்துக்குள்ளேயே தேர்வுகள் பெருகின. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புதிதாக வந்த கணினித் துறைக் குடும்பங்களின் பிள்ளைகள் சரளமாகத் தமிழ் பேசி வகுப்பில் உட்கார்கிறார்கள். பக்கத்தில் நான்கு தலைமுறையாகச் சிங்கப்பூரில் வாழும் குடும்பத்துப் பிள்ளை தடுமாறுகிறது. இருவருக்கும் ஒரே பாடநூல், ஒரே தேர்வு.

2006இல் சிம் பல்கலைக்கழகம் தமிழில் பட்டப்படிப்பைத் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்குத் துறை பிறந்து அப்போது சரியாக ஐம்பதாண்டு. சேர்ந்தவர்களில் பலர் பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வந்தவர்கள். தமிழாசிரியராகவேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தவர்களும் உண்டு. அவர்களில் சிலர் இன்று தொடக்கப்பள்ளியில் அந்த நன்னெறி வகுப்பை எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்த வகுப்பில் ஒழுக்கத்தோடு தவளையின் வயிற்றையும் தமிழில் பேச நேரம் கிடைக்குமா என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிக்கிறது. அந்தப் பாடத்திட்டத்தின் அடுத்த மறுஆய்வில் இந்தக் கேள்வியை எழுப்பவேண்டியவர்கள் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர்.